பால் குளிர்விப்புத் தொட்டிக்கு ஆண்ட்ராய்டு போர்டு தேவையா?

கேள்வி இது: 1,000 லிட்டர் பால் குளிர்விப்புத் தொட்டிக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்ய வேண்டும். மூன்று வெப்பநிலை சென்சார், கம்ப்ரெஸருக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கலக்கி மோட்டாருக்கு ஒரு ரிலே, கரண்ட் போனால் எஸ்எம்எஸ், 7 அங்குலத் தொடுதிரை. போர்டு விற்பவர் ஆண்ட்ராய்டு போடச் சொல்கிறார், இல்லையென்றால் விண்டோஸ் ஐஓடி (கருவிகளுக்கான விண்டோஸ்). இரண்டுக்கும் பின்னால் பெரிய கம்பெனி இருப்பதால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார். 20 ஆண்ட்ராய்டு போர்டு வாங்கியும் ஆகிவிட்டது. இது சரியான வழியா?

கட்டுப்பாட்டுக்கு வேண்டவே வேண்டாம். திரைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். கம்ப்ரெஸரை ஓட்டுவதும் நிறுத்துவதும் 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம் உள்ள சிப்பின் வேலை. அதை 1 ஜிபி ரேம் கேட்கும் இயங்குதளத்தின் தலையில் கட்டினால் பலம் கூடாது, பழுதாகும் இடங்கள்தான் கூடும்.

"பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறது" என்பதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பித்தான் காசைக் கொட்டுகிறார்கள். கூகுள் 2015 மே மாதம் பிரில்லோ என்ற பெயரில் சிறு கருவிகளுக்கான ஆண்ட்ராய்டை அறிவித்தது. 2016 டிசம்பரில் அது ஆண்ட்ராய்டு திங்ஸ் ஆனது. 2018 மே மாதம் 1.0 வெளிவந்தபோது மூன்று ஆண்டுகளுக்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகச் சொன்னார்கள். 2019 பிப்ரவரியிலேயே ஸ்மார்ட் ஸ்பீக்கரும் ஸ்மார்ட் திரையும் செய்யும் கம்பெனிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். 2021 ஜனவரி 5 முதல் புதிய திட்டங்களை ஏற்கவில்லை. 2022 ஜனவரி 5 அன்று கருவிகளுக்கு அப்டேட் அனுப்பும் தளமே மூடப்பட்டது. முதல் பதிப்பிலிருந்து மூடுவிழா வரை நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. உங்கள் எஸ்எஸ் தொட்டி அதைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும்.

மைக்ரோசாஃப்டின் கதை இன்னும் நீளம். 1996-ல் வந்த விண்டோஸ் சிஇ உண்மையிலேயே சிறு கருவிகளுக்காக எழுதப்பட்டது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 1 எம்பிக்குள் ஓடும், வேண்டாத பாகங்களைக் கழற்றிவிடலாம். அதன் கடைசிப் பதிப்பான எம்பெடட் காம்பேக்ட் 2013-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கம்பெனியின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது: மேசைக் கணினியின் விண்டோஸையே எல்லாக் கருவிகளிலும் ஓட்டிவிடுவது. 2014-ல் இன்டெல் கலிலியோ போர்டுக்கு ஒரு விண்டோஸ் தந்தார்கள். 400 மெகாஹெர்ட்ஸ் குவார்க் சிப், 256 எம்பி ரேம். அடுத்த ஆண்டு விண்டோஸ் 10 ஐஓடி கோர் வந்தபோது கலிலியோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2017-ல் இன்டெல் கலிலியோ, எடிசன், ஜூல் மூன்றையும் நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஜோடியை நம்பிக் கருவி செய்தவர்களுக்கு முதலில் மென்பொருள் போனது, பிறகு வன்பொருளும் போனது. ஐஓடி கோர் திரை இல்லாமல் ஓடவே குறைந்தது 256 எம்பி ரேம் கேட்டது, திரை இருந்தால் 512 எம்பி, சேமிப்பிடம் 2 ஜிபி. குருவி தலையில் பனங்காய் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

விற்பவர் இதற்குப் பதிலாக "இப்போது விற்பது விண்டோஸ் ஐஓடி என்டர்பிரைஸ், அதற்கு 10 வருஷ ஆதரவு உண்டு" என்பார். அது உண்மைதான். 2021 எல்டிஎஸ்சி (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருக்கிறது. ஆனால் அது முழுக் கணினிக்கான இயங்குதளம். ஏடிஎம், கடை பில்லிங் இயந்திரம் போன்றவற்றுக்குப் பொருந்தும். அங்கேகூட ஆதரவு முடியும் நாள் எவ்வளவு பெரிய சுமை என்பதை இந்திய வங்கிகள் பார்த்திருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. நான்கு ஆண்டு கழித்தும் ஏடிஎம்கள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி காலக்கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்வாசி, ஜூனுக்குள் முழுவதும் மாற்றியாக வேண்டும். வங்கிக்குப் பணமும் ஆளும் இருக்கிறது. கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையத்துக்கு யார் போய் இயங்குதளம் மாற்றுவார்?

ஆண்ட்ராய்டு போர்டு பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதில் இருப்பது கூகுள் நேரடியாகப் பராமரிக்கும் ஆண்ட்ராய்டு அல்ல. திறந்த மூலப் பதிப்பை எடுத்து, சிப் தயாரிப்பாளர் தந்த பழைய கெர்னலோடு சேர்த்து, போர்டு தயாரிப்பாளர் ஒரு முறை கட்டிக் கொடுத்தது. கூகுள் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தம் அந்தப் போர்டுக்குத் தானாக வராது. அவர் மறுபடி கட்டித் தந்தால்தான் உண்டு. அடுத்த மாடல் விற்க ஆரம்பித்தபின் பெரும்பாலும் தரமாட்டார். "கடைசியாக எந்த மாதத் திருத்தம் இதில் சேர்ந்திருக்கிறது, கெர்னல் எந்தப் பதிப்பு, மூலநிரல் தருவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவு இருந்தும் பெரிய கம்பெனிகள் ஏன் இதையே முன்வைக்கின்றன? அவர்களிடம் லட்சக்கணக்கான நிரலாளர்கள் ஏற்கெனவே பழகிய கருவிகள் இருக்கின்றன. அதே நிரல், அதே கடை, அதே மேகச் சேவை எல்லாக் கருவியிலும் ஓடினால் அவர்கள் சந்தை பெரிதாகும். அந்தக் கணக்கில் உங்கள் கம்ப்ரெஸர் வராது. சிறு கருவிக்குச் சிறு கெர்னல்தான் பொருந்தும் என்பது அவர்களுக்கும் தெரியும். அமேசான் 2017-ல் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. அதன் கெர்னல் பத்து கேபி அளவுதான். மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் அதே வகையான த்ரெட்எக்ஸைச் செய்த எக்ஸ்பிரஸ் லாஜிக் கம்பெனியை வாங்கியது, 2023-ல் அதை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இந்த இரண்டும் கை மாறியபோது ஏற்கெனவே அவற்றை வைத்துக் கருவி செய்தவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை. மூலநிரல் முழுவதும் அவர்கள் கையிலேயே இருந்தது, மேகத்தில் ஒரு தளம் மூடினால் கருவி நின்றுவிடும் என்ற நிலையும் இல்லை. பத்து வருஷ உத்தரவாதம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். பெரிய இயங்குதளம் எங்கே சறுக்கும் என்பதற்கு டிஎஸ்18பி20 சென்சாரே போதும். அது ஒரே ஒயரில் பேசும். ஒரு பிட்டைப் படிக்க, லைனை 1 மைக்ரோ நொடியாவது கீழே (0 வோல்ட்டுக்கு) இழுத்து விட்டு, தொடங்கியதிலிருந்து 15 மைக்ரோ நொடிக்குள் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டிலோ விண்டோஸிலோ சாதாரண நிரலாக இதை எழுதினால், நடுவில் இயங்குதளம் வேறு வேலைக்கு ஒரு மில்லி நொடி போய் வந்தாலே அந்தப் பிட் தவறிவிடும். மேசையில் சோதிக்கும்போது சரியாக இருக்கும். திரையில் கிராஃப் ஓடி, வைஃபை அப்டேட் இறங்கும் நேரத்தில் சிஆர்சி பிழை (தரவோடு வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாமை) வரும். மைக்ரோகண்ட்ரோலரில் அந்த 15 மைக்ரோ நொடிக்கு மட்டும் இன்டரப்ட்டை (நடுவில் வேறு வேலைக்கு இழுக்கும் குறுக்கீட்டை) நிறுத்திவிட்டால் முடிந்தது.

அதே சென்சாரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கரண்ட் வந்தவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் மதிப்பு 85 டிகிரி. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி நொடி தேவை. அதற்கு முன் படித்தாலும், காண்டாக்டர் (கம்ப்ரெஸருக்கான பெரிய சுவிட்ச்) விழும்போது வரும் மின் அதிர்வில் சென்சார் ஒரு கணம் ரீசெட் ஆனாலும் 85 என்று வரும். நிரல் அதை நம்பினால் பால் கொதிக்கிறது என்று நினைத்து கம்ப்ரெஸரை ஓடவிடும். சென்சார் ஒயர் அறுந்தால், பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ நூலகம் (தயார் நிரல் தொகுப்பு) -127 தரும். அதை நம்பினால் பால் உறைந்துவிட்டது என்று கம்ப்ரெஸரை நிறுத்தும், காலையில் பால் திரிந்திருக்கும். ஆகவே சிஆர்சி சரியா என்று பாருங்கள், 85-ஐயும் -127-ஐயும் தள்ளுங்கள், முந்தைய மதிப்பிலிருந்து ஒரு நொடியில் 2 டிகிரிக்கு மேல் தாவினால் அடுத்த மூன்று அளவீடுகள் ஒத்துப்போகும்வரை ஏற்காதீர்கள். மூன்று சென்சாரையும் மூன்று தனிப் பின்னில் மாட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் 4.7 கிலோ ஓம் புல்அப் (லைனை மேல் மட்டத்தில் பிடித்து வைக்கும் மின்தடை). ஒரே லைனில் மாட்டினால் ஒன்று ஷார்ட் ஆகும்போது மூன்றும் போய்விடும்.

கம்ப்ரெஸர் நின்றபின் 3 நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி ஓட வேண்டும். வாயு அழுத்தம் சமமாகாமல் ஓட்டினால் மோட்டார் பூட்டிக்கொண்டு ஓவர்லோட் விழும், பலமுறை நடந்தால் வைண்டிங் எரியும். இந்த 3 நிமிடக் கணக்கை ரேமில் மட்டும் வைத்திருக்கும் நிரல், ரீசெட் ஆனவுடன் அதை மறந்துவிடும். எனவே போர்டு எப்போது உயிர்பெற்றாலும் "கம்ப்ரெஸர் இப்போதுதான் நின்றது" என்று எடுத்துக்கொண்டு 3 நிமிடம் காத்திருக்கும்படி எழுதுங்கள். கரண்ட் விட்டு விட்டு வரும் இடங்களில் இந்த ஒரு வரி கம்ப்ரெஸரைக் காப்பாற்றும்.

பூட் ஆகும் நேரத்தில் ரிலே பின் என்ன நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆண்ட்ராய்டு எழுந்து உங்கள் ஆப் திறப்பதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை அந்தப் பின் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. சந்தையில் கிடைக்கும் நீல நிற ரிலே மாட்யூல்களில் பல, பின் கீழே இருந்தால் ஆன் ஆகும் வகை. அதை வாங்காதீர்கள். யுஎல்என்2003 சிப் வழியாக ரிலேவை ஓட்டுங்கள். உள்ளீடு எதுவும் இல்லையென்றால் அது ஆஃப்பில் நிற்கும், காயிலுக்கான டையோடும் உள்ளேயே இருக்கிறது. கூடவே 10 கிலோ ஓம் புல்டவுன். 230 வோல்ட் காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராக மாட்டுங்கள். இது இல்லாமல் "போர்டு அடிக்கடி ஹேங்க் ஆகிறது" என்று நிரலில் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

சிப் எது என்றால், எஸ்எம்எஸ் மட்டும் போதுமானால் எஸ்டிஎம்32எஃப்103 தாராளம், நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், போலி நிறைய உலவுகிறது. வைஃபையும் வேண்டுமென்றால் ஈஎஸ்பி32, 520 கேபி ரேம். ஈஎஸ்பி32-ல் 12-ஆம் பின்னைப் பூட் நேரத்தில் மேலே இழுத்தால் ஃபிளாஷ் வோல்டேஜ் தப்பாகத் தேர்வாகி போர்டு எழாது. 34 முதல் 39 வரையான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும், உள் புல்அப்பும் இல்லை. வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) கிடைக்காது. பாதுகாப்பான டிஎல்எஸ் இணைப்பு ஒன்றுக்கே 40 கேபி அளவு ரேம் போகும், ஆகவே ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் திறக்காதீர்கள்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்-ல் நான்கு டாஸ்க் (தனித்தனியாக ஓடும் நிரல் பகுதி) போதும்: சென்சார், கட்டுப்பாடு, மோடம், திரையோடு பேச்சு. கட்டுப்பாட்டுக்கு மேல் முன்னுரிமை. எல்லா நினைவகத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள், ஓடும்போது ஒதுக்கினால் வாரக்கணக்கில் ஓடியபின் துண்டு துண்டாகி நிற்கும். ஸ்டாக் (டாஸ்க்கின் தற்காலிக நினைவகம்) வழிவதைக் கண்டுபிடிக்கும் வசதியை ஆன் செய்து, ஒவ்வொரு டாஸ்க்கும் அதிகபட்சம் எவ்வளவு ஸ்டாக் தொட்டது என்று ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். மோடம் பதிலைப் பிரிக்கும் டாஸ்க்தான் வழக்கமாக வழியும். வாட்ச்டாக்கை (குறித்த நேரத்தில் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவலை) டைமர் இன்டரப்ட்டிலிருந்து தட்டாதீர்கள், டாஸ்க் எல்லாம் செத்தாலும் டைமர் தட்டிக்கொண்டே இருக்கும். நான்கு டாஸ்க்கும் தங்கள் கொடியை உயர்த்தியிருந்தால் மட்டும் தட்டுங்கள்.

மோடம் பற்றி ஒன்று. சிம்800எல் வகை மோடம் 3.4 முதல் 4.4 வோல்ட்டில் ஓடும், அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சிப்புக்கான அதே ரெகுலேட்டரில் மாட்டினால், கரண்ட் போன செய்தியை அனுப்பும் அந்த நேரத்திலேயே போர்டு ரீசெட் ஆகும். தனி சப்ளை கொடுத்து, மோடத்தின் பின்னை ஒட்டி 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். 2ஜி சேவை அந்த ஊரில் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் 4ஜி மோடம்தான்.

பதிவு வைப்பதற்கும் எஸ்டி கார்டு தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு பதிவு, 16 பைட் என்றால் நாளுக்கு 23,040 பைட். 4 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் 182 நாள் கணக்கு அடங்கும். 4 கேபி செக்டர் ஒன்றில் 256 பதிவு, அதாவது நாலேகால் மணி நேரம். வட்டமாக எழுதிக்கொண்டே போனால் ஒவ்வொரு செக்டரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அழியும். அந்தச் சிப் தாங்குவதோ 1 லட்சம் முறை. கரண்ட் போகும் கணத்தில் எழுதினாலும் ஒரு பதிவுதான் கெடும், அதைக் கண்டுபிடிக்க 2 பைட் சிஆர்சி போதும். எஸ்டி கார்டில் அப்படியில்லை. கார்டுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் தன் வசதிக்காகப் பழைய தரவையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் நீங்கள் தொடவே தொடாத கோப்பு கெடும், பூட் கோப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். ஆண்ட்ராய்டும் லினக்ஸும் உங்களைக் கேட்காமலே நாள் முழுக்க லாக் எழுதும் என்பதால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

திரை? 800க்கு 480 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு முழுச் சட்டத்துக்கு 750 கேபி. சிறு சிப்புக்கு இது பெரிது. இரண்டு எண்ணும் ஒரு எச்சரிக்கையும் காட்ட 320க்கு 240 திரையே போதும், எல்விஜிஎல் நூலகம் அதைப் பத்தில் ஒரு பங்காக, 15 கேபி பஃபரில் வரைந்துவிடும். 7 அங்குலம் வேண்டும் என்றால் தனக்கென்று கண்ட்ரோலர் உள்ள சீரியல் திரை கிடைக்கிறது, ஒயரில் எண்ணை அனுப்பினால் அதுவே வரையும்.

பெரிய இயங்குதளம் தேவைப்படும் இடங்களும் உண்டு. கேமரா, முகம் அறிதல், வீடியோ, பேச்சு என்றால் லினக்ஸ் வேண்டும். அப்போதும் முழு லினக்ஸ் தொகுப்பையும் போடாமல், பில்ட்ரூட் என்ற கருவியைக் கொண்டு தேவையானதை மட்டும் கட்டுங்கள். ரூட் பிரிவு படிக்க மட்டும், தரவுக்குத் தனிப் பிரிவு, எஸ்டி கார்டுக்குப் பதில் இஎம்எம்சி (போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சிப்), அப்டேட்டுக்கு இரண்டு பிரிவு மாற்றி மாற்றி. உங்கள் தொட்டிக்கு இதில் எதுவுமே வேண்டியதில்லை.

வாங்கிய 20 போர்டை வீணாக்க வேண்டாம். அவற்றைத் திரையாக மட்டும் வைத்து, கட்டுப்பாட்டுப் போர்டோடு ஆர்எஸ்485 ஒயர் இணைப்பு வழியாக 9,600 வேகத்தில் மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) பேச வையுங்கள். லைன் நீளமானால் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை. திரை கேட்கும், கட்டுப்பாட்டுப் போர்டு பதில் சொல்லும், அவ்வளவுதான். திரையிலிருந்து வரும் இலக்கு வெப்பநிலையைக் கட்டுப்பாட்டுப் போர்டு சரிபார்க்க வேண்டும்: 2 முதல் 6 டிகிரிக்கு வெளியே இருந்தால் நிராகரித்து 4-லேயே நிற்கட்டும். திரை பத்து நிமிடம் பேசாவிட்டாலும் எதுவும் மாறக்கூடாது. இரண்டுக்கும் தனித் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, 1 டிகிரியில் விழும் மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட் ஒன்றைக் காண்டாக்டர் காயிலோடு தொடராக மாட்டுங்கள். நிரல் எவ்வளவு தப்பு செய்தாலும் பால் உறையாது.

பெட்டியை அனுப்பும் முன் ஒரு சோதனை. உண்மையான கம்ப்ரெஸரும் காண்டாக்டரும் மாட்டிய நிலையில், ஒரு டைமர் வைத்து 20 நொடிக்கு ஒரு முறை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்து ஓர் இரவு முழுக்க விடுங்கள். கம்ப்ரெஸர் ஒரு முறைகூட ஓடக்கூடாது, 3 நிமிடத் தாமதம் அதைத் தடுத்திருக்க வேண்டும். காலையில் டைமரை எடுத்துவிட்டால் 3 நிமிடம் கழித்துத் தானாக ஓட வேண்டும், இரவுக்கு முன் இருந்த பதிவு ஒன்றும் கெட்டிருக்கக் கூடாது. பிறகு கம்ப்ரெஸர் ஓடும்போதே ஆண்ட்ராய்டு திரையின் ஒயரைப் பிடுங்குங்கள், சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். 20 பெட்டியும் இதைத் தாண்டினால் அனுப்பலாம்.